அறுபது கவுண்ட்

காரைக்காலில் செல்போன் கடைக்கு மேல்மாடியில்
வியட்நாம் சாப்பாடு வந்திருக்கிறது என்று
நைனா முகம்மதுதான் சொன்னான்.
அந்துவானையும் கூப்பிட்டிருக்கேன் என்பதைக்
கடைசியில் சொன்னான்,
வரும்போது வெங்காயம் வாங்கிட்டு வா என்பது போல.

இரண்டு வருஷம்.
அந்துவானின் இறால் குட்டையில் வெள்ளைப்புள்ளி விழுந்து
நாற்பத்தெட்டாம் நாள் எல்லாம் கரையொதுங்கியது.
அதில் என் பணம் எண்பதாயிரம்.
கலியமூர்த்தியுடையது ஒரு லட்சம், வீட்டுக்குத் தெரியாமல்.
நைனா எவ்வளவு போட்டான் என்று
இன்றுவரை சொல்லவில்லை.
ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை.
கேட்காததாலேயே
அரசலாற்றுப் பாலத்தில் எதிரே வந்தால்
அந்துவானின் பைக் வேகம் குறையாது.

மேசையில் ஜோடி ஜோடியாகக் குச்சிகள்.
கடைக்கார லீன் அக்கா,
கப்பல் பட்டறையில் வேலைக்குப் போன காரைக்கால்காரரைக்
கட்டிக்கொண்டு வந்தவர்,
எங்கள் விரல்களைப் பார்த்துவிட்டு
"கையால சாப்புடு, ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

சனிக்கிழமை, கலியமூர்த்திக்குக் கவுச்சி ஆகாது.
முளைகட்டிய பயறு, புதினா,
திருநீற்றுப்பச்சையின் சித்தப்பா மகள் போல ஒரு இலை
என்று தட்டையே மேய்ந்துகொண்டிருந்தான்.
நெல் கொள்முதலில் இருபது வருஷம் ஈரப்பதம் பார்த்தவன்.
அரிசித் தாள் ஒன்றை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து
"பதினேழு தாண்டாது, எடுத்துக்கலாம்" என்றான்.
சிரிப்பதற்கு ஆளில்லை.
டம்ளர் காலியான பிறகும்
அந்துவான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

சின்னக் கிண்ணத்தை மோந்த நைனா
"டேய், இது நம்ம கருவாட்டுத் தண்ணிடா,
பாட்டில்ல ஊத்தி வெலை வச்சிட்டாங்க" என்றான்.
அதுவும் எடுபடவில்லை.

அப்போது வந்தது அது.
ஈரத் தாளில் சுற்றிய உருளைகள், ஆறு.
உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரிந்தது,
மழை நேரத்துப் பஸ் கண்ணாடியில் கன்னம் ஒட்டியது போல,
சுருண்டு, செம்மஞ்சளாய்,
ஒவ்வொன்றிலும் மூன்று இறால்.

யார் ஆர்டர் கொடுத்தது?
நான்தான். படத்தைப் பார்த்துக் கை காட்டினேன்.
படத்தில் இலைதான் தெரிந்தது.

கலியமூர்த்தி மின்விசிறியைப் பார்த்தான்.
நைனா என்னைப் பார்த்தான், கொன்றுவிடுவது போல.

அந்துவான் ஒன்றை எடுத்தான்.
விளக்கில் காட்டித் திருப்பினான்.
வால் பக்கம், தலை பக்கம்.
"அறுபது கவுண்ட்" என்றான்.
"நம்ம பக்கத்து சரக்கு இல்ல. நெல்லூரு.
ஐஸ் ரெண்டு தரம் மாத்தியிருக்கான்."
ஒரு கடி. மென்றான். வெகுநேரம் மென்றான்.
"ஆனா என்னுதுக்கு இது தேவலாம்டா,
இதாவது சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்துச்சு."

கலியமூர்த்திக்குக் காய்கறி சூப் மூக்கில் ஏறியது.
நைனா மேசையைக் குத்தினான், குச்சிகள் உருண்டன.
லீன் அக்கா எட்டிப் பார்த்து
என்னவென்று தெரியாமலே சிரித்தார்.
அதற்கப்புறம் நூடுல்ஸை
சத்தம் போட்டுத்தான் உறிஞ்சினோம்.

பில் ஆயிரத்து எழுநூற்று நாற்பது.
நாங்கள் பில்லுக்குச் சண்டை போடுகிறவர்கள்;
மாயவரத்து பிரியாணிக் கடையில் ஒருமுறை
நைனாவின் சட்டைப் பையே கிழிந்தது.
இன்று அந்துவானின் உள்ளங்கை
அதன்மேல் முதலில் விழுந்தது.
பாதி நீண்ட நைனாவின் கையைப் பார்த்து
மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன்.
கலியமூர்த்தி இரண்டாம் முறை கைகழுவப் போனான்.

வீட்டிலேயே எண்ணி மடித்து வந்த நூறுகள்.
ஒவ்வொன்றாக வைத்தான், பதினேழு.
பையைத் தடவினான். பின்பையையும் தடவினான்.
பிறகு என்னைப் பார்த்து,
இரண்டு வருஷத்தில் முதல்முறையாக நேராகப் பார்த்து,
"நாப்பது ரூவா இருக்கா?" என்றான்.

கொடுத்தேன்.
"கணக்குல சேத்துக்க."

"எண்பதாயிரத்து நாற்பது" என்றேன்,
கடன்காரனிடம் பேசும் குரலில்,
சத்தமாக,
எல்லாருக்கும் கேட்கட்டும் என்று.