மூடியைத் திரும்பப் போடுகிறவர்கள்

ரொசாரியோவில் பால்
வெகுநாள் வெள்ளையாக இருப்பதில்லை.
சர்க்கரையோடு சுண்டிச் சுண்டிச்
செம்பழுப்பாகி
டப்பாவுக்குள் போய்விடும்.
டுல்சே டெ லெச்சே என்போம்.
ரொட்டியின் மேல் அது, கேக்கின் நடுவில் அது,
பள்ளிவிட்டு வரும் பிள்ளையின் கன்னத்தில் அது.
அக்காள் கணவர் ஓஸ்மார்
ஒரு கரண்டி எடுப்பார்,
கண்ணை மூடுவார்,
பிறகு டப்பாவையும் மூடுவார்.

ஐம்பத்து மூன்று வயதாகிறது எனக்கு.
மூடியைத் திரும்பப் போடும் அந்தக் கையை
இன்னும் வேடிக்கை பார்க்கிறேன்,
கம்பிமேல் நடப்பவனைப் பார்ப்பதுபோல்.

என் கை வேறு.
பேருந்துப் பணிமனையில்
பகலெல்லாம் டீசல் கணக்கு எழுதும் கை;
ஒரு லிட்டர் பிசகாது.
இரவு இரண்டு மணிக்கு
ஃபிரிட்ஜின் மஞ்சள் வெளிச்சத்தில்
அதற்கு எண்ணிக்கை மறந்துவிடும்.
நின்றபடி. செருப்பில்லாமல்.
உட்கார்ந்தால் அது சாப்பாடாகிவிடுமே.
கரண்டி அடியில் தட்டும் சத்தத்தில்தான்
நான் அங்கே நிற்பதே எனக்குத் தெரியும்.

காலையில் அதே கடையில் அதே டப்பா வாங்கி
பழைய மட்டத்துக்குக் குறைத்து வைப்பேன்,
ரெனாத்தோ கண்டுபிடிக்கக் கூடாதென்று.
குறைப்பதற்கும்
தின்னத்தான் வேண்டியிருந்தது.

"கொஞ்சமாகச் சாப்பிடேன், நேலிதா."
கொஞ்சம் என்பது ஓர் ஊர்.
எல்லோருக்கும் அங்கே ஒரு வீடு இருக்கிறது.
நான் ஏறும் வண்டி
அங்கே நிற்பதில்லை,
கடைசி நிறுத்தம்வரை போய்
விளக்கை அணைத்துவிட்டுத்தான் இறக்கிவிடுகிறது.

ஒருமுறை செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போட்டேன்.
அரைமணி நேரம்.
பிறகு பிரித்தேன்.
விளையாட்டுப் பக்கம் ஒட்டியிருந்தது;
யார் ஜெயித்தார்கள் என்று படித்துக்கொண்டே
வழித்தேன்.
இதை ஸுல்மாவைத் தவிர
யாரிடமும் சொன்னதில்லை.

ஸுல்மாவுக்கு அது உப்புக்கடலை.
பதினொரு வருடமாகத் தொடவில்லை,
பக்கத்து இருக்கையில் யாராவது கொறித்தால்
இன்றும் பேருந்தை விட்டு இறங்கிவிடுகிறாள்.
அவள் சிரிக்கவில்லை.
"பாத்திரம் தேய்க்கிற சோப்பை ஊற்று மேலே" என்றாள்,
"வாய்க்கு வெட்கமில்லை, நுரைக்கு மட்டும் பயப்படும்."

ஊற்றினேன்.
எலுமிச்சை மணம். பச்சைக் குமிழிகள்.
குப்பைக்கூடைப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்,
ஒரு டப்பாவுக்காக.
அப்பாவை அடக்கம் செய்த அன்று
நான் அழவில்லை.
அன்று தின்றேன்.

முதல் வாரம் தலைவலி.
இரண்டாவது வாரம்
பழைய கோபங்கள் ஒவ்வொன்றாக வந்து
கதவைத் தட்டின,
இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்றேன்,
உள்ளேதான் இருந்தோம் என்றன.

பத்தொன்பதாம் நாள்
அக்காள் மகள் மைலெனுக்குப் பதினைந்து வயது.
ஆயிரம் அடுக்குக் கேக்,
அடுக்குக்கு அடுக்கு அதே பழுப்பு.
"சித்தி வெட்டட்டும், சித்திதான் சமமாக வெட்டுவாள்."
நாற்பத்திரண்டு துண்டு வெட்டினேன்.
கட்டைவிரலில் ஒரு பொட்டு ஒட்டியது.

நான் விரலைப் பார்த்தேன்.
விரல் என்னைப் பார்த்தது.
இசை ஓடிக்கொண்டிருந்தது, யாரோ யாரையோ
ஆடக் கூப்பிட்டார்கள்.

குளியலறைக் குழாயைத் திறந்தேன்.
சுடுநீர் வருவதற்குள்
கையை நீட்டிவிட்டேன்.
ஜன்னல் வழியே பரானா ஆறு,
மண்ணைக் கரைத்துக்கொண்டு,
அதுவும் பழுப்பாகத்தான் போனது.

திரும்பி வந்தபோது
ஒருவரும் கவனிக்கவில்லை.
ஓஸ்மார், காபி இருக்கிறதா என்று கேட்டார்.

மறுநாள் பணிமனையில்
பகல் ஒன்றேகால் மணிக்கு
வயிற்றுக்குள் ஏதோ அசைந்தது.
நோயோ என்று பயந்து
ஸுல்மாவை அழைத்தேன்.
"பசி" என்றாள்.

எத்தனை வருடம் ஆயிற்று
அதன் முகத்தைப் பார்த்து.
என்ன கொடுப்பதென்று தெரியாமல்
மேசையைத் துடைத்தேன்,
நாற்காலியை இழுத்துப் போட்டேன்,
வீட்டிலிருந்து கொண்டுபோன
வேகவைத்த பூசணியில் உப்புத் தூவி
உட்கார்ந்தேன்.