அத்தைக்கு ஒரு தந்தி

தனுஷ்கோடித் தபாலாபீசில்
சொல்லுக்கு இத்தனை என்று
எண்ணிக் காசு வாங்குகிறவன் நான்,
சவேரியான் பர்னாந்து.
சேர்ந்த அன்றே வேதப் புத்தகத்தில் கைவைத்துச் சொன்னேன்:
என் விரல் தட்டுவது
என் வாய்க்குத் தெரியாது.

முப்பத்தெட்டாம் வருசம், கச்சான் ஓய்ந்த மாதம்.
போட் மெயிலில் வந்திறங்கினார் பிக்கரிங் துரை.
பட்டாம்பூச்சி பிடிக்க வந்தாராம்.
இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் கடல்,
நடு மணலில் இராவணன் மீசைப் புல்.
அடும்பு பூத்தாலும்
அதில் பூச்சி உட்காரக் காற்று விட வேண்டுமே!
நான் கேட்கவில்லை.
அவர் நீட்டிய தாளை எண்ணினேன்:
'அத்தை சுகமா கோழி மூன்று முட்டை இல்லை அன்பு.'
ஏழு சொல்லுக்கும் எட்டுச் சொல் காசுதான் துரை,
இன்னொன்று சும்மா வரும் என்றேன்.
நெற்றியைச் சொறிந்து யோசித்து
'முத்தம்' என்று சேர்த்தார்.

மறு வாரம் டாக்டர் லார்சன்.
டென்மார்க்காரராம், பூநாரை எண்ணுகிறவராம்.
'அத்தை தேவலையா பூநாரை நாற்பது ஒன்று நொண்டி.'
விலாசத்தைப் பார்த்தேன்.
மிஸ் ஹாப்கின்ஸ், மவுண்ட் ரோடு, மதராஸ்.
அதே அத்தை.
எச்சில் விழுங்கினேன். சத்தியம் சத்தியம்தான்.

சாப்பாட்டு ஓட்டலில்
அவரைப் பார்த்துக்கொள் என்று இவர் ஒரு ரூபாய்,
இவரைப் பார்த்துக்கொள் என்று அவர் ஒரு ரூபாய்.
பட்லர் லாசரு மாதக் கடைசியில்
சைக்கிள் வாங்கிவிட்டான்.
மணலில் ஓடாது.
தள்ளிக்கொண்டே போனான், மணியடித்தபடி.

ஒரு அந்தியில் டாக்டர்
தலைக்கு மேல் கத்திய பறவையைக் காட்டி
பெயர் என்ன என்றார்.
வத்தைக்காரர் காதர் மீரா சொன்னார்: ஆள்காட்டி.
மொழிபெயர்க்க நான்தான் இருந்தேன்.
ஆளைக் காட்டிக்கொடுக்கும் பறவை, துரை.
'யாரை?'
வருகிற ஆள் யாரானாலும்.
அவர் நோட்டுப் புத்தகம் மணலில் விழுந்தது.
அன்றிரவே மூட்டை கட்டினார்.
பின்னாலேயே வலையும் கையுமாய் பிக்கரிங்.

இனிமேல் நடந்ததை நான் பார்க்கவில்லை.
தூக்குப் பாலத்து முத்திருளாண்டி சொன்னது.
பாய்மரக் கப்பலுக்காகப் பாலம் வாய் பிளந்து நிற்க,
பாம்பனில் ரயில் நின்றுவிட்டது.
நிலாவும் இல்லை.
இருட்டில் ஒரு பெட்டியை இருவரும் இழுக்க,
கைப்பிடி ஒருவர் கையில், மூடி இன்னொருவர் கையில்.
கொட்டியதெல்லாம் கறுப்பாய், உருண்டையாய், சாண் நீளத்தில்.
'வெடி!' என்று கத்திவிட்டு
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒருவர்,
இந்தப் பக்கம் ஒருவர்,
காதைப் பொத்திக் குப்புறப் படுத்தார்கள்.

லாந்தரோடு வந்தார் சீனி மரைக்காயர்.
சிங்கப்பூருக்குப் போக இருந்த அவர் கடல் அட்டைகளை
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி எண்ணி,
'ரெண்டு குறையுது துரை,
வயித்துக்கடியில பாருங்க' என்றார்.
மேலே எங்கோ ஆள்காட்டி கத்தியதாம்.
முத்திருளாண்டி சேர்த்துச் சொல்கிறவன்.
ஆனாலும் கத்தியிருக்கும்.

காலையில் இருவரும் என் ஜன்னலில்,
சட்டையில் கருவாட்டு வாசத்தோடு.
இரண்டு தாளிலும் ஒரே செய்தி:
'பெரிய கோழி பிடித்துவிட்டேன்.'
தட்டினேன். ஒன்று, பிறகு இன்னொன்று.
மத்தியானம் பதில் வந்தது,
இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தந்தி.
அத்தை சிக்கனக்காரி.
'இரண்டு கோழிகளும் உடனே கூட்டுக்கு வரவும் மூன்றாம் வகுப்பில் மட்டும்.'

அவர் இவரைப் பார்த்தார்.
இவர் அவரைப் பார்த்தார்.
பிறகு இருவரும் என்னை.
'உனக்கு முன்பே தெரியுமா?'
எனக்குத் தெரியாது துரை,
விரலுக்குத் தெரிந்திருக்கலாம்.

போகும்போது வலையை விட்டுப் போனார் பிக்கரிங்.
லாசரு அதில் முட்டை வைக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து
சும்மா கழிமுகப் பக்கம் நடந்தேன்.
பூநாரைகளை நானும் எண்ணினேன், பழக்கதோஷம்.
நொண்டி இருந்தது.
அதைச் சேர்த்து
நாற்பத்தொன்று.