பெயரில்லாத பொத்தான்

மன்னார்குடி, மேலராஜவீதி.
விதைக் கடைக்கு ஓர் இணையதளம்.
உரிமையாளர் தர்மாம்பாள் கேட்டது ஒன்றே ஒன்று:
தாமரை.
சுட்டியை மேலே கொண்டுபோனால் இதழ் விரியணும்,
இதழுக்கு ஒரு சொல்.
குறுவை, சம்பா, தாளடி, உரம், விலை, வழி.
ஆறு சொல், எட்டு இதழ்.
மீதி இரண்டும் அழகுக்கு.

மூன்று ராத்திரி செய்தேன்.
சொற்களையும் படமாகவே வரைந்தேன்,
எழுத்து அவ்வளவு வளைவாக வேறெப்படி வரும்?
முதல்முறை விரிந்தபோது
பாமணி ஆற்றுப் பாலத்தில் நின்று
புதுத்தண்ணீர் நுரையோடு வருவதைப்
பார்க்கிற ஆள் மாதிரி
நானே நின்று பார்த்தேன்.

பதினெட்டு நாள் போயிற்று.
'மன்னார்குடி குறுவை விதை' என்று தேடினால்
தஞ்சாவூர்க் கடை வந்தது.
கும்பகோணத்தில் எப்போதோ மூடிப்போன
ஒரு கடைகூட வந்தது.
நாங்கள் வரவில்லை.

பத்தொன்பதாம் நாள் ஜக்கரியா கூப்பிட்டார்.
முத்துப்பேட்டை. தேங்காய் மண்டியில் கணக்கு,
குத்தகைக்கு இரண்டு ஏக்கர்.
கண் தெரியாது, போன் படித்துச் சொல்லும்.
"உப்பு மண்ணுக்குத் தாங்குற நெல்லு இருக்கான்னு
பார்க்க வந்தேம்மா.
ஒங்க வாசல்ல என்ன இருக்குன்னு நீங்களே கேளுங்க."
மண்டி போனின் வாயருகே
தன் கைப்பேசியைப் பிடித்தார்.

அவசரமான ஒரு பெண்குரல்,
களத்தில் மூட்டை எண்ணுகிற வேகத்தில்:
படம். படம். பெயரில்லாத பொத்தான்.
பெயரில்லாத பொத்தான். படம்.
பெயரில்லாத பொத்தான்.

அன்று ராத்திரி
தேடுபொறி அனுப்புகிற நிரலையும் அவரையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்தேன்.
இரண்டு பேருக்கும் என் தாமரை கிடையாது.
சுட்டியும் கிடையாது.
சொல் இருந்தால் உள்ளே வருவார்கள்,
இல்லாவிட்டால் அடுத்த வாசல்.

இல்லை, அது சரியான கணக்கில்லை.
நிரல் பேசாமல் போய்விட்டது.
ஜக்கரியா காசு செலவழித்துக் கூப்பிட்டார்.

அழித்தேன்.
ஒரு பட்டியல். வரிக்கு ஓர் இணைப்பு.
படிக்கப் போன முதல் வாரமே சொல்லித்தந்தது,
அதனாலேயே மறந்தது.
எழுத்து எழுத்தாகவே இருந்தது.
விசைப்பலகையில் தாவல் விசை தட்டத் தட்ட
ஒவ்வொன்றாக நகர்ந்தது.
சம்பாவுக்குள் பதினொரு ரகம், அதற்கு நிஜமான பொத்தான்:
'மூடியிருக்கிறது' என்று சொல்லும்,
அழுத்தினால் 'திறந்திருக்கிறது' என்று சொல்லும்,
மதகில் எத்தனை பலகை எடுத்தாயிற்று என்று
லஸ்கர் கரையிலிருந்து கூவுவது மாதிரி.
'வழி' என்பதை 'கடைக்கு வரும் வழி' ஆக்கினேன்.
ஏழாவதாக ஒரு வரி, புதிது:
உப்பு மண் தாங்கும் நெல்.

தர்மாம்பாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
"மளிகைச் சீட்டு மாதிரி இருக்கே."
இருந்தது.
சமாதானத்துக்குத் தாமரையை
அசையாமல் பக்கத்தின் அடியில் வைத்தேன்.
படத்துக்குரிய மாற்றுரையை வெற்றாக விட்டேன்.
அலங்காரம்தான், படிக்காதே, தாண்டிப் போ என்று
குரலுக்கு அதற்கு அர்த்தம்.
விதிப்படி சரி.

கல்லணை திறந்து மூன்று வாரம்.
தேடினால் இப்போது வருகிறோம், நான்காவதாக,
மூடிப்போன கும்பகோணக் கடைக்கு ஒன்று கீழே.
ஜக்கரியா மறுபடி கூப்பிட்டார்.
"வெத வந்துருச்சும்மா. தண்ணிதான் வரல."
கொஞ்சம் சிரித்தார்.
"அடியில ஏதோ பூ இருக்காமே, மண்டிப் பையன் சொன்னான்.
எங்கிட்ட போன் சொல்லவே இல்லியே?"

"அது சும்மா, அழகுக்கு வச்சது பாய்."

"சும்மாதானே. சொல்லட்டுமே."

போனை வைத்துவிட்டு
அந்த வெற்றிடத்தில் எழுதினேன்:
தாமரை. எட்டு இதழ்.
இடப்பக்கம் ஒன்று கொஞ்சம் கோணல்.