மூன்று புள்ளி எட்டு

சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பச்சை வில்லை தந்தார்கள்.
'என்னைக் கேள்' என்று எழுதியிருந்தது.
மார்ச் மாதம். வால்டிவியாவில்
வெயில் கொஞ்சம் மிச்சமிருந்த வாரம்.
முதலாண்டுப் பிள்ளைகள் ஐந்து பேர் என் பங்குக்கு.
நால்வர் கேட்டார்கள்:
சாப்பாட்டு அட்டை எங்கே வாங்குவது,
எந்தப் பேராசிரியர் வருகைப்பதிவு எடுக்கமாட்டார்,
பாலத்தில் நடந்தால் தீவுக்கு எத்தனை நிமிடம்.
ஐந்தாமவன் எலியேசர் மன்சீயா.
தெற்கே கேயோனிலிருந்து பேருந்தோடு படகேறி
ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து வந்தவன்.
வில்லையைப் படித்தான்.
பிறகு சன்னலைப் பார்த்தான்.

எங்களுக்கு ஒரு படிவம் உண்டு.
'சந்திப்பின் பொருள்' என்று ஒரு கட்டம்,
'வழிகாட்டியின் குறிப்பு' என்று இன்னொன்று.
முதல் வாரம் எழுதினேன்: பேசவில்லை.
இரண்டாம் வாரம்: மாத்தே கொடுத்தேன். குடித்தான். பேசவில்லை.
மூன்றாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது.
மழையோடு மழையாக
ஆற்றங்கரை மீன் சந்தைக்கு அழைத்துப் போனேன்.
கடற்சிங்கங்கள் படித்துறையில் கவிழ்ந்து கிடந்தன,
தேர்வு முடிந்து தூங்குகிறவர்களைப் போல.
மீன்காரி ஒரு தலையை வீச, பெரியது எழாமலே கவ்வியது.
"எங்க ஊர்ல இதுங்க சால்மன் வலையைக் கிழிக்கும்,
விரட்டியடிப்போம்" என்றான்.
"இங்க சோறு போடறாங்க."
அவ்வளவுதான்.
படிவத்தில் 'கடற்சிங்கம்' என்று எழுதினேன்.
ஒருங்கிணைப்பாளர் சிவப்பு மையில்
ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பினார்.

பேசாமல் வைத்திருந்தது நானும்தான்.
போன வருடம் பொது வேதியியலில் தோற்றேன்.
ஏழுக்கு மூன்று புள்ளி எட்டு.
நான்கு எடுத்தால் தேர்ச்சி.
வழிகாட்டி விண்ணப்பத்தில்
தோற்ற பாடம் என்றொரு கட்டமே இல்லை,
ஆகவே நான் பொய் சொல்லவில்லை.
அவன் மதியப் பிரிவு என்று தெரிந்த பிறகுதான்
காலை எட்டு மணிப் பிரிவைப் பிடித்தேன்.
கடைசி வரிசை. மழையங்கியின் தொப்பி புருவம் வரை.
என்னைவிட ஒரு வயது சிறியவர்கள்
என்னைவிட வேகமாக எழுதிக்கொண்டார்கள்.

முதல் தேர்வு எல்லாப் பிரிவுக்கும் பொது.
அதை மட்டும் மறந்து தொலைத்தேன்.

வினாத்தாள் கட்டைப் பின்னால் கடத்தத் திரும்பியவன்
அப்படியே நின்றான்.
அங்கியில் பச்சை வில்லை.
கழற்ற நினைத்த கை
பாதியிலேயே மேசைக்கு இறங்கியது.
கண்காணிப்பாளர் செருமினார்.
எலியேசர் என் முகத்தைப் பார்க்கவில்லை,
வில்லையைத்தான் பார்த்தான்.
"யாஸ்னா, இன்னொரு பென்சில் இருக்கா?"

ஏழு வாரத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.
கொடுத்தேன். முனை சீவியதையே கொடுத்தேன்.
மழுங்கியது எனக்கு.

பாலத்தில் குடையில்லாமல் திரும்பினோம்.
காற்று ஆற்றிலிருந்து பக்கவாட்டில் அடித்தது.
ஏன் சொல்லவில்லை என்று கேட்பான் என
ஒரு பதிலைத் தயாரித்துக்கொண்டே நடந்தேன்.
அவன் கேட்டது வேறு:
"மோல் புரிஞ்சுதா உனக்கு?"
"போன வருஷம் முழுக்கப் புரியலை.
இந்த வருஷம் புரிஞ்ச மாதிரி இருக்கு, வீட்டுக்குப் போனா இல்லை."
கொஞ்ச தூரம் சும்மா வந்தான்.
"எங்கம்மா கூண்டுல தீனி போடற வேலை.
குருணையை யார் எண்ணுவாங்க?
மூட்டைதான் எண்ணணும்.
மோலும் ஒரு மூட்டைதானே?
என்ன, குருணை ரொம்பப் பொடி."

நடுப்பாலத்தில் நின்றுவிட்டேன்.
பின்னால் வந்த மிதிவண்டிக்காரர் திட்டிக்கொண்டே ஒதுங்கினார்.
ஒரு வருடமும் கட்டணமும்
ஒரு மூட்டைக்குள் இருந்தது.
சிரிப்பு வந்தது. எரிச்சலும்.
"நீ போன வருஷமே வந்திருக்கலாம்" என்றேன்.
"போன வருஷம் நான் பள்ளிக்கூடத்துல" என்றான், மிக நேர்மையாக.

அன்றிரவு விறகடுப்பின் மேல் காலுறையைக் காயவைத்து
படிவத்தை நிரப்பினேன்.
சந்திப்பின் பொருள்: மூட்டை.
கேள்விக்குறி வரும். வரட்டும்.
வழிகாட்டியின் குறிப்பு:
பென்சில் இன்னும் திரும்பி வரவில்லை.