எழுபதா, நூற்றி நாற்பதா

மெம்ஃபிஸ், சம்மர் அவென்யூ.
அடகுக் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவே
டெல்ஃபீனின் இசைத்தட்டுக் கடை.
புது மர அடுக்குகள் வந்திறங்கிய திங்கட்கிழமை
என்னிடம் ஒரு கறுப்பு மார்க்கரையும்
நாற்பது பிளாஸ்டிக் அட்டைகளையும் நீட்டி,
"ஹிப் ஹாப் என்று ஒரே குவியலாய்க் கிடக்கிறது,
பிரித்து வை" என்றாள்,
அரிசியில் கல் பொறுக்கச் சொல்வது போல.

முதல் ஒரு மணிநேரம் சுலபம்.
பூம் பாப்: கிக்கும் ஸ்னேரும்
கதவைத் தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்.
ஜி-ஃபங்க்: கண்ணாடி இறக்கிய காரில்
மூக்கால் பாடும் ஒரு சின்தசைசர்.
கிரங்க்: கத்து. மூச்சு வாங்கு. கத்து.
டிராப்: ஹை-ஹாட், தகரக் கூரைமேல் விழும் மழை;
அதற்கடியில் காதுக்கு முன்னால் பல்லுக்கு எட்டும் பேஸ்.
டிரில்: சிகாகோவின் ஜனவரி, சிரிக்காத முகம்.
எழுதி, ஊதிக் காயவைத்தேன்.
பட்டா கொடுத்து முடித்த தாசில்தார்கூட
இத்தனை திருப்தியாய் நாற்காலியில் சாய்ந்திருக்க மாட்டார்.

பதினொரு மணிக்குக் காட்ரெல் வந்தான்.
பார்சல் வண்டி ஓட்டுகிறவன்,
எஞ்சினை அணைக்காமல் உள்ளே வருகிறவன்.
டிரில் அட்டையை விரலால் சுண்டினான்.
"சிகாகோவில் பிறந்தது லண்டன் போனது,
அங்கே பேஸ் வழுக்கக் கற்றுக்கொண்டது,
வழுக்கிக்கொண்டே புரூக்ளினில் வந்து நின்றது.
நீ எழுதியிருப்பது ஊரின் பெயரா,
பயணச்சீட்டா?"
லண்டன் என்று ஓரத்தில் நுணுக்கிச் சேர்த்தேன்.
புரூக்ளினுக்கு இடம் இல்லை.

அடுத்து, பல்லில் கம்பி கட்டிய பையன்.
"ஃபோங்க் இருக்கா?"
தன் போனில் ஒலிக்கவிட்டான்:
மாட்டுமணி, கரகரப்பு, குகைக்குள்ளிருந்து ஒரு குரல்.
டெல்ஃபீன் கல்லாவிலிருந்து எழுந்தே விட்டாள்.
"இது நம்ம ஊர் கேசட்டின் இரைச்சல்டா.
பனி பெய்யும் ஏதோ நாட்டில் ஒருத்தன்
வெட்டி ஒட்டியிருக்கிறான்."
உள்ளூரில் வைப்பதா, இறக்குமதியில் வைப்பதா?
பையனுக்கு இரண்டும் ஒன்றுதான்.
அவனுக்கு அது கார் சறுக்கும் சத்தம்.

மூன்று மணிக்கு, மருத்துவமனைச் சீருடையில்
வெர்னீஸ் என்றொரு பெண்.
கைக்குட்டையில் சுற்றிய ஒரு கேசட்.
தம்பி தொண்ணூற்றைந்தில் அலமாரிக்குள் உட்கார்ந்து செய்ததாம்.
சிடியாக மாற்ற வேண்டும்,
உறைமேல் என்ன வகை என்றும் போட வேண்டும்.

ஓடவிட்டோம்.
தேவாலயக் கோரஸ் ஒன்று தார்போல் ஒழுகியது.
அதன்மேல் ஒரு பையன், அவசரமே இல்லாமல்,
வாடகை பாக்கியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.
"எழுபது" என்றாள் டெல்ஃபீன், மேசையைத் தட்டி.
"நூற்றி நாற்பது" என்றான், மறுபடி வந்திருந்த காட்ரெல்.
சண்டை.
நான் என்னையே பார்த்தேன்:
தலை எழுபதில் ஆடிக்கொண்டிருந்தது.
ஷூ நுனி நூற்றி நாற்பதில்.
நடுவில் நான் எங்கேயும் உடைந்திருக்கவில்லை.

வெர்னீஸ் சிரித்துவிட்டாள்.
"அன்றைக்கு பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது.
கோரஸ் அதனால்தான் அப்படி இழுக்கிறது.
புது பேட்டரி வாங்கித் தந்தேன். போடமாட்டேன் என்றான்."
தம்பி இப்போது விமான நிலையத்தில்
இரவெல்லாம் பெட்டி ஏற்றுகிறான்.
பழைய பாட்டு என்றால் எழுந்து போய்விடுவான்.
"வகை வேண்டாம், தேதி மட்டும் போடு" என்றாள்
கடைசியில். தேதியும் அவளுக்குச் சரியாக நினைவில்லை.

செவ்வாய் காலை கடையைத் திறந்தபோது
டிராப்பில் மூன்று கிரங்க்,
ஜி-ஃபங்க்கில் ஒரு பவுன்ஸ்.
வாங்க வந்தவர்கள் எடுத்த இடத்தில் வைக்கவில்லை.
சலித்துக்கொண்டே ஒன்றை உருவினேன்,
திருப்பி வைக்குமுன் ஊசியை இறக்கினேன்.
இரண்டு நிமிடம் கேட்டேன்.
அவர்கள் வைத்த இடத்திலேயே
வைத்தேன்.