வாயில் இருக்கிறது வழி

வெள்ளவத்தை, நகைக்கடைக்கு மேல் மாடி.
ஏசி ஒழுகுகிற தண்ணீருக்கு
ஐஸ்கிரீம் பெட்டியொன்று வைத்திருக்கிறேன்.
பதினொரு வருடமாக இங்கிருந்துதான்
ஆட்களை இங்கிலாந்துக்குள் மாற்றி மாற்றி ஏற்றிவிடுகிறேன்.
கட்டுநாயக்காவை நான் தாண்டியதில்லை.

ரஜிந்தினி வந்தது மழை வியாழன்.
குரோமர் என்றாள். வயோதிபர் இல்லத்தில் வேலை.

மூன்று வழி, என்றேன்.
கோச் மலிவு. நோர்விச் மட்டும் ஒரே இருக்கை,
கால்தான் வீங்கும்.
இல்லாவிட்டால் நிலக்கீழ் ரயிலில் லிவர்பூல் ஸ்ட்ரீட்
(லிவர்பூல் இல்லை, கேட்டீரோ, அது வேறெங்கோ கிடக்கு)
அங்கிருந்து பெரிய ரயில்,
நோர்விச்சில் மாறிச் சின்ன ரயில்.
ஞாயிறென்றால் தண்டவாளம் திருத்துவார்கள்,
ரயில் டிக்கெட்டோடு பஸ்ஸில் போக வரும்.
மூன்றாவது டாக்சி. விலையைச் சொன்னேன்.
சிரித்தாள். வெட்டிவிட்டோம்.

"கடைசி ரயில் போயிட்டுதெண்டால்?"
"கேளும். வாயில் இருக்கிறது வழி."

சன்னல் அதிர்ந்தது.
கடலோரம் அளுத்கமை ரயில், வாசலெல்லாம் முழங்கைகள்.
"அங்கையும் கடலோ அக்கா?"
"வட கடல்" என்றேன்,
படத்தில் பார்த்தவளின் நிச்சயத்தோடு.

மூன்று கிழமை கழித்துக் குரல்பதிவு. ஒரே காற்றிரைச்சல்.
"நாலு பேரிட்டக் கேட்டன் அக்கா,
நோர்விச், நோர்விச் எண்டு.
ஒருத்தருக்கும் விளங்கேல்லை.
ஒராள் இப்ஸ்விச் பஸ்ஸைக் காட்டிவிட்டார்.
விடியுமட்டும் அங்க வாங்கில இருந்தன்,
கூட்ட வந்த மனிசி தன்ர சிப்ஸில பாதி தந்தது.
அது நொரிச்சாம் அக்கா.
வ் இல்லையாம்.
எழுதுவினமாம், சொல்லமாட்டினமாம்."

மற்றதெல்லாம் சரியாகத்தான் சொல்லியிருந்தேன்.
மேடை இலக்கம்கூட.

கொட்டாஞ்சேனைப் பல்வைத்தியர், நேர்சுமார் மூவர்,
மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போன தவமலர்.
எத்தனை பேரின் வாயில்
அந்த வ்-வை வைத்து அனுப்பினேன்?
ஒருவரும் திரும்பிச் சொல்லவில்லை.
போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

பட்டியலில் நோர்விச்சுக்கு மேல்
பென்சிலால் நொரிச் என்று எழுதினேன்.
பக்கத்தில் ரஜிந்தினியின் நம்பர்,
அவளைக் கேட்டுக்கொண்டுதான்.

ஆறரைக்கு நூற்றியோராம் இலக்க பஸ்.
நின்றபடி உதட்டுக்குள் பழகுகிறேன்: நொரிச், நொரிச்.
"கொஹாட்டத?" என்று குனிகிறான் கொண்டக்டர்.
வீட்டில் அது புறக்கோட்டை.
"பிட்டகொட்டுவ" என்கிறேன்,
ஓர் எழுத்தும் பிசகாமல்.