சுற்று

ஒன்பது வருடம் ஒரே கடவுச்சொல்.
பழைய மேனேஜர் ஓட்டிய காஞ்சில் காரின் எண்,
கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி.
கார் இரும்புக் கடைக்குப் போனது. மேனேஜர் மாற்றலாகிப் போனார்.
ஆச்சரியக்குறி மட்டும்
பாடாங் செராய் செம்பனை ஆலையின்
எடைமேடைக் கணினியில், மஞ்சள் ஒட்டுத்தாளில்,
யாரும் ஆச்சரியப்படாமல்
ஒட்டிக்கொண்டிருந்தது.

வயரிங் வேலைக்கு வந்தவனுக்கு அது தெரியும்.
போட்டி ஆலைக்குத் தாவிய கிராணிக்குத் தெரியும்.
விமலாஷினி கழிவறைக்குப் போன நேரங்களில்
லாரிக்காரர் பரசுராமனே தட்டிவிட்டு
தன் சுமையைத் தானே நிறுத்துக்கொள்வாராம்.
தணிக்கைக்கு வந்த மிஸ் லோ கேட்டார்:
"யாருக்கெல்லாம் தெரியும்?"
"யாருக்குத் தெரியாது என்று கேளுங்கள்,
பட்டியல் சின்னதாக இருக்கும்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
சிவப்பு மையில் எழுதிக்கொண்டார்.

அடகுக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில்
என் அறை. மின்விசிறிக்கு ஒரே ஒரு வேகம்.
அங்கே உட்கார்ந்து எழுதினேன் அந்தச் சிறு நிரலை:
முப்பது நாளுக்கு ஒருமுறை விழி.
முப்பத்திரண்டு எழுத்தில் புதிதாக ஒன்று பின்னு,
அதற்கு அர்த்தம் இருக்கக் கூடாது.
தரவுத்தளத்தில் மாற்று. நுழைந்து பார்.
நுழைய முடிந்தால்
புதியதற்கு 'நடப்பு' என்று பெயர் சூட்டு,
பழையதற்கு 'முந்தையது'.
மேகத்தில் எங்கோ இருக்கும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டு.
எனக்கும் சொல்லாதே.

குலை வெட்டுகிறவர்களுக்கு இது புரியும்.
பத்து நாளுக்கு ஒரு சுற்று.
பழுத்திருக்கிறதோ இல்லையோ
மரத்தடிக்கு வந்து
அண்ணாந்து பார்த்தாக வேண்டும்.

முதல் சுற்று, அதிகாலை இரண்டு மணி.
எல்லாப் படியும் பச்சை. தூங்கிப் போனேன்.
மூன்று பத்துக்கு விமலாஷினி:
"அக்கா, இது என்னை யாருன்னே தெரியாதுங்குது."
காஞ்சில் காரின் எண்ணை எடைமேடை
தன் வயிற்றுக்குள் ஒரு கோப்பில் விழுங்கி வைத்திருந்தது.
நிரல் நுழைந்து பார்த்த கதவு வேறு,
அவள் தினமும் நுழையும் கதவு வேறு.
நான் அந்தப் பக்கம் போய்ப் பார்த்ததே இல்லை.

கப்சாய் மோட்டாரை எடுத்துக்கொண்டு போனேன்.
பதினொரு லாரிகள், விளக்கணைத்து, சாலை வளைவு வரை.
காத்திருக்கும் பழத்தில் அமிலம் ஏறும்,
எண்ணெயின் தரம் இறங்கும்,
இறங்கியதை யார் கணக்கிலோ கழிப்பார்கள்.
பரசுராமன் ஹாரன் அடிக்கவில்லை.
அடித்திருக்கலாம்.
உள்ளே, எண்காட்டியின் சிவப்பு வெளிச்சத்தில்
அவள் ஒரு 555 நோட்டில்
பேனாவால் எடை எழுதிக்கொண்டிருந்தாள்,
ஒவ்வொரு வரிக்கும் ஓட்டுநரின் கையெழுத்து வாங்கி.
என் நிரலைவிட நன்றாக யோசித்திருந்தாள்.

அன்றிரவு கையால் திறந்துவிட்டேன்.
அந்த வாரம் முழுக்க மாற்றி எழுதினேன்.
இப்போது பயனர்கள் இருவர்.
ஒருவருக்குச் சாவி மாறும்போது மற்றவர் வேலையில் இருப்பார்,
பகல் ஷிப்ட் ஆள் வந்து கார்டு அடிக்கும் வரை
இரவு ஷிப்ட் ஆள்
கொதிகலனை விட்டு நகராததைப் போல.
எடைமேடை இனி எதையும் மனப்பாடம் செய்வதில்லை.
ஒவ்வொரு முறையும் பெட்டகத்தைக் கேட்டுத்தான் நுழைகிறது.

மிஸ் லோ மறுபடி வந்தார். அதே கேள்வி.
"யாருக்கும் தெரியாது" என்றேன். "எனக்கும்."
பச்சை மையில் எழுதிக்கொண்டார்.
எனக்குத்தான்
சொல்லி முடித்ததும் லேசாக வயிற்றைப் புரட்டியது.

மஞ்சள் தாளை விமலாஷினி உரித்துவிட்டாள்.
திரையோரம் வெயில் படாத ஒரு சதுரம்.
அந்த இடத்தில்
என் தொலைபேசி எண்ணை எழுதி ஒட்டியிருக்கிறாள்.
"இதை மட்டும் மாத்திடாதீங்க, அக்கா."